ஆமைக் கணக்கும் நம் கணக்கே

நெசவாளருக்கும் உழவருக்கும் உரிய இவ்விதழில் கடலாமையைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நூல் விலை, கூலி, விளைபொருளின் விலை, சங்கத்தின் கடன் பாக்கி ஆகியவற்றைப் பேச வேண்டிய பக்கத்தில் ஆமைக்கு என்ன இடம் என்பது நியாயமான வினாவே. அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வதே முறை என்று கருதுகிறோம்.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்றோர் இடம் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த காலெட் என்பவரின் காலத்தில் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்டுப் பேட்டை என்ற பெயரே மக்கள் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. தறி போட்ட வீடுகளுக்கும் வலை உலர்த்திய குப்பங்களுக்கும் அங்கே தொலைவு அதிகமில்லை. நமது இயக்கத்தின் வரலாற்றிலும் இத்தகைய உறவு ஒன்று உண்டு. 1895-இலும் 1897-இலும் சர் பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்திற்கு அளித்த விவசாய பாங்கு அறிக்கையிலிருந்தே இந்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழி வகுத்தது அவ்வறிக்கை. அதே நிக்கல்சன்தான் பிறகு சென்னை மாகாணத்தின் மீன் துறையையும் தோற்றுவித்தார். உழவனின் கடனைப் பற்றிச் சிந்தித்தவர் வலைஞனின் வாழ்வையும் சிந்தித்தார். ஆகவே கடற்கரையில் நடப்பது நமக்குப் புறம்பான செய்தியன்று.

நாம் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றே. வட சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கும் ஆமைகளைத் தொண்டர்கள் எண்ணி எழுதிவரும் கணக்கு, சிறு மீனவரின் உரிமை மீறப்படுவதற்கும் சாட்சியான கணக்கு. அதனை நகரத்து இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும் தவறு. மீனவருக்கு எதிரான குற்றப் பத்திரிகையாக ஆக்குவதும் தவறு. அக்கணக்குப் புத்தகம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வரவேண்டும் என்பது நமது துணிபு.

2025 தை மாதத்தில் கண்டது

2025 ஜனவரி மாதத்தில் சென்னையையும் அதை அடுத்த மாவட்டங்களையும் சேர்ந்த கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடலாமைகள் இறந்து ஒதுங்கின. ஆண்டுதோறும் சில பத்து, சில நூறு என்று ஒதுங்குவது புதிதன்று. அவ்வாண்டில் நாள் தவறாமல் ஒதுங்கிய உடல்களைக் கண்டு, பல்லாண்டுகள் இக்கரையில் நடந்து பழகிய தொண்டர்களே திகைத்துப் போயினர். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள் பல. அவற்றை அறுத்துச் சோதித்தபோது மூச்சுத் திணறி இறந்தமைக்கான அறிகுறிகள் தென்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வனத் துறையும் மீன் துறையும் கடலோரக் காவலரும் கடலில் ரோந்து செல்லத் தலைப்பட்டனர்.

கடலில் வாழும் ஆமை கடலில் மூழ்கி இறக்குமோ என்று அங்கத்தினர் வியக்கலாம். ஆமைக்குச் செவுள் கிடையாது; நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. சற்றைக்கொரு முறை நீரின் மேலே வந்து காற்றை உண்டு மீண்டும் மூழ்கும். விசைப்படகின் பின்னே பை போன்ற இழுவலை கடலடியை வருடிக்கொண்டு மணிக்கணக்கில் இழுபடும்போது, அதன் மடியில் சிக்கிய ஆமை மேலே வர வழியின்றி மூச்சடைத்து இறக்கிறது. வலையை ஏற்றியவர் அவ்வுடலைக் கடலில் வீசிவிடுகிறார். அலை அதனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நம் கரைக்கு மிகுதியாக வருவது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிச் செல்கின்றன. ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிப்படும். அவற்றுள் வளர்ந்து பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாகக் கணக்கிடுவர். முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே முதிர்ந்த பெண் ஆமை ஒன்று இறந்தால், அந்த இழப்பை ஓராண்டிலோ ஈராண்டிலோ ஈடுசெய்ய இயலாது. காய்க்கும் பருவத்துத் தென்னையை வெட்டிவிட்டுக் கன்று நட்டவன் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை நம் உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் நடந்தவர்கள்

இவ்வாமைகளைக் காக்கும் தொண்டு இந்நாட்டில் வேர்விட்ட இடங்களுள் சென்னைக் கரை முதன்மையானது. 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரும் அவர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்களும் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, ஆமைக் குழிகளைத் தேடி, முட்டைகளைக் காப்பிடங்களுக்குக் கொண்டு சென்றனர். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சதீஷ் பாஸ்கர் என்பவர் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அவர் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே அளந்து ஆமைகளைப் பற்றி எழுதிவைத்தார். ஆமை முட்டை உணவாக விற்கப்பட்ட காலம் அது. நரியும் நாயும் தோண்டியவை போக எஞ்சியதை மனிதர் தோண்டினர்.

1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென ஒரு மாணவர் அமைப்பை ஏற்படுத்தினர். அன்று முதல் ஆண்டு தவறாது, தை பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடையை அவர்கள் மேற்கொண்டு வருகின்றனர். ஒரு தலைமுறை மாணவர் படிப்பு முடித்து வேலைக்குச் சென்றால் அடுத்த தலைமுறை வந்து கைவிளக்கை வாங்கிக்கொள்கிறது. சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை சவம் என்று எழுதிய புத்தகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தடித்து வருகிறது. 2002-இல் தோன்றிய ட்ரீ அறக்கட்டளை இன்னும் ஒரு படி மேலே சென்று, மீனவக் குப்பங்களின் இளைஞரையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றியது. முன்பு முட்டையைத் தோண்டி எடுத்த குடும்பத்தின் பிள்ளை இன்று முட்டைக்குக் காவல் நிற்பதைத் தென் கரையில் காணலாம்.

மணல் இல்லாத கரை

இனி வட சென்னைக்கு வருவோம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் கடற்சாலையில் போகிறவர், வலப்புறத்தில் நெடுந்தொலைவுக்குக் கருங்கல் குவியலையே காண்பார். கடற்கரை என்று சொல்லத்தக்க மணல் ஆங்காங்கே சிறிதளவுதான் எஞ்சியுள்ளது. இதற்குக் காரணம் ஆமையுமன்று, மீனவருமன்று. 1875-இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினர். கடலுக்குள் நீண்ட சுவர்களை 1881-இல் புயல் தகர்த்தது, மீண்டும் கட்டினர். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலையோடு நகர்கிறது. துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்துவிட்டது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று, கடல் குப்பங்களின் வீடுகளை ஒவ்வொன்றாகத் தின்றது. மிஞ்சியதைக் காக்கக் கல் கொட்டினர்; குறுக்குச் சுவர் கட்டினர். பின்னர் வடக்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன.

கல்லில் ஏறி ஆமை முட்டையிட முடியாது. கரைவலை இழுத்தவருக்கும் கல்லின்மேல் இடமில்லை. படகை ஏற்றி வைக்க, வலையை விரித்து உலர்த்த, மீனைக் காய வைக்க மணல் வேண்டும். ஆமைக்கு எது போயிற்றோ அதுவே மீனவருக்கும் போயிற்று. ஆகவே தென் கரையில் தொண்டர்கள் முட்டையை எண்ணும் அதே பருவத்தில், வட கரையின் நெடும்பகுதியில் கல்லிடுக்குகளில் சிக்கிய சவங்களை எண்ணுவதே அவர்களுடைய வேலையாக இருக்கிறது.

இக்கரையில் அலை கொண்டுவந்து தள்ளுவது ஆமையை மட்டுமன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஆமைப் பருவத்தின் நடுவே நேர்ந்த விபத்து அது. கருங்கல் எங்கும் படிந்த எண்ணெயை வாளியால் அள்ளியவர்களுள் மாணவரும் மீனவரும் இருந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கருத்தன. கூழைக்கடாப் பறவைகள் எண்ணெய் படிந்த சிறகோடு நின்றன. அப்போதும் எண்ணெயை அள்ளக் கடலில் இறங்கியவர்கள் மீனவர்களே. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் கண்ட பாடம், கரையில் இருப்பவன் கண்ணே முதற் கண் என்பதுதான். ஆனால் அக்கண் கண்டதை முறையாக எழுதி வைக்கும் ஏற்பாடு இல்லாததால், இழப்புக்கு ஈடு கேட்கும் நாளில் அவன் கையில் காகிதம் இருப்பதில்லை.

எண்ணூரில் நெட்டுக்குப்பத்தை ஒட்டிய கரையில் ஒரு விடியற்காலை நாம் நின்றபோது, முதிய வலைஞர் ஒருவர் நம்மை நோக்கிக் கேட்டார்: “ஐயா, செத்த ஆமையை எண்ணுகிறீர்கள், சரி. எங்கள் வலைக்கு வராமல் போன மீனை யார் எண்ணுவது?” அவ்வினாவிற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, இரண்டும் ஒரே கணக்குத்தான் என்பது தெளிவாயிற்று.

ஒதுக்கீட்டுச் சட்டம் இரண்டு

இதனை நம் நெசவாள அங்கத்தினர் எளிதில் விளங்கிக்கொள்வர். 1985-இல் கைத்தறிக்கெனச் சில வகைத் துணிகளை ஒதுக்கி மத்திய அரசு சட்டம் செய்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி என்று 22 வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் உரியவை என்றனர். விசைத்தறியாளர் வழக்காடினர், 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் பின்னர் 22 என்பது 11 ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றிலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் சந்தைக்கு வருவதை நாம் அனைவரும் அறிவோம். சட்டம் இருக்கிறது. கடைக்குச் சென்று துணியைப் புரட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளும் கண் போதவில்லை.

கடலிலும் இத்தகைய ஒதுக்கீடு ஒன்று உண்டு. இயந்திரப் படகும் இழுவலையும் வந்தபின், 1970-களில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் கடுமையான மோதல்கள் நிகழ்ந்தன. அதன் விளைவாகவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவுவரை கட்டுமரத்திற்கும் சிறு படகிற்கும் உரியது, விசைப்படகு அதற்கு அப்பாலே தொழில் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆமைகள் கூடும் பருவத்தில் ஆமைக் கரைகளை ஒட்டி ஐந்து கடல் மைல்வரை விலகியிருக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது.

இங்கேதான் ஆமையும் சிறு மீனவரும் ஒன்றுசேர்கின்றனர். முட்டையிட வரும் ஆமை கரையை அடுத்த நீரிலேயே வாரக்கணக்கில் தங்கியிருக்கும். அந்த நீர்தான் சட்டம் சிறு படகுக்கு ஒதுக்கிய நீர். ஆமைகள் அங்கே இழுவலையில் சிக்கி நூற்றுக்கணக்கில் இறக்கின்றன என்றால், இழுவலை வரக்கூடாத இடத்திற்கு வந்திருக்கிறது என்று பொருள். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் அந்நீரைக் கடலடியோடு வாரிச் சென்றிருக்கிறது என்று பொருள். வாரிச் சென்ற மீன் கரைக்கு வந்து சாட்சி சொல்லாது, ஏலத்தில் விற்றுப்போகும். ஆமையின் உடல்தான் கரைக்கு வந்து கிடக்கிறது. நெட்டுக்குப்பத்துப் பெரியவர் கேட்ட வினாவிற்கு அதுவே விடை. வலைக்கு வராத மீனை எண்ண வழியில்லை. ஆமையை எண்ணினால் அந்த மீனின் கணக்கும் பாதி எழுதியதாகும்.

மீனவரின் அச்சம்

இவ்வளவு தெளிவான செய்தியாயின் மீனவர்கள் ஏன் தாமே முன்வந்து எண்ணவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆமையைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்து வருவது தடை என்பதே அவர்கள் கண்ட அனுபவம். ஒரிசாவில் கஹிர்மாதா கடற்பகுதியை 1997-இல் சரணாலயமாக அறிவித்தபின், ஆண்டில் ஏழு மாதம் மீன்பிடிப்புக்குத் தடை ஏற்பட்டது. ஆமை காப்பாற்றப்பட்டது நல்லதே. ஆனால் சிறு படகுக்காரர் பலர் வாழ்வு நலிந்தனர் என்பதும் உண்மையே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இடம் பெற்றுள்ளது. எனவே தன் வலையில் தற்செயலாகச் சிக்கிய ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டவே ஏழை மீனவர் அஞ்சுகிறார். அஞ்சுகிறவர் கணக்கு எழுதமாட்டார்.

விசைப்படகுக்காரரை மட்டும் வில்லனாக்குவதிலும் நமக்கு உடன்பாடில்லை. காசிமேட்டில் கட்டி நிற்கும் விசைப்படகுகளில் வேலை செய்வோர் பலர் பங்குக்குப் போகும் கூலிகள். உரிமையாளர் பலருக்கும் படகின்மேல் கடன் உண்டு. டீசல் விலை ஏற ஏற, தொலைவில் செல்லும் செலவை மிச்சப்படுத்தக் கரையோரம் இழுக்கும் ஆசை பிறக்கிறது. நாம் தவணை கட்ட முடியாமல் தனியார் வியாபாரிக்கு நெய்து கொடுத்ததில்லையா? அடுத்த போகத்திற்கென வைத்த விதை நெல்லை விற்றதில்லையா? கடன் மனிதனை எல்லை மீறச் செய்யும் என்பதைக் கூட்டுறவாளர் மறக்கக்கூடாது. எனினும் மன்னிப்பது வேறு, கணக்கை மூடுவது வேறு.

விசைப்படகுக்கே உதவும் ஒரு வழியும் உண்டு. இழுவலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, அருகே ஒரு திறப்பு வைத்துவிட்டால், இறாலும் மீனும் கம்பிகளினூடே மடிக்குச் செல்லும். ஆமையோ சட்டத்தில் மோதித் திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் நாட்டு வலைகளுக்கு ஏற்றவாறு இதனை அமைத்துத் தந்துள்ளது. சிறிது மீன் தப்பிப் போகிறது என்பது படகுக்காரரின் குறை. அக்குறை உண்மையே. ஆனால் சட்டம் இல்லாத வலையினால் வரும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆமைக்குத் தீங்கு செய்யும் வலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் செய்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998-இல் தீர்ப்பும் வந்தது. 2019-இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது. வளர்ப்பு இறாலுக்கு அத்தடை இல்லை. கடலோடியின் இறாலுக்கே விலை போயிற்று. ஒரு கம்பிச் சட்டத்தின் செலவையும் இழந்த சந்தையையும் அருகருகே எழுதிப் பார்க்க எந்தச் சங்கக் காரியதரிசிக்கும் தெரியும்.

பிற இடங்களில் நடந்தது

மீனவரே காவலராக முடியுமா என்பதற்குக் கேரளத்தில் சான்று உண்டு. கோழிக்கோட்டிற்கு வடக்கே பய்யோளியை அடுத்த கொளாவிப்பாலம் என்ற கரையில், 1992-இல் மீனவ இளைஞர் சிலர் ஆமையின் நிலை பற்றிச் செய்தித்தாளில் படித்து, முட்டையைத் தின்னும் வழக்கத்தை விட்டு அதைக் காக்கத் தொடங்கினர். ‘தீரம்’ என்ற பெயரில் அவர்கள் அமைத்த குழு, எவரும் ஏவாமல் பல்லாண்டு காவல் செய்தது. மணற் கொள்ளையால் அவர்கள் கரையும் தேய்ந்து வந்தது. முட்டையிட வரும் ஆமைகளும் குறைந்தன. அவர்கள் ஆமையைக் காக்கத் தொடங்கி, மணலைக் காக்கப் போராடுகிறவர்கள் ஆயினர். வட சென்னைக்கு இது நெருங்கிய பாடம். எண்ணுகிறவனுக்குத்தான் எது எதனால் குறைகிறது என்பது தெரியவரும்.

மகாராஷ்டிரத்தில் 2018 முதல் வேறொரு நல்ல வழக்கம் வந்துள்ளது. ஆமை போன்ற காக்கப்பட்ட உயிர் வலையில் சிக்கினால், மீனவர் தம் வலையை அறுத்து அதனை விடுவித்து, படத்தோடு விண்ணப்பித்தால், வலைக்கு ஈடாக 25,000 ரூபாய் வரை அரசு தருகிறது. காப்பாற்றியவன் நஷ்டப்படக்கூடாது என்ற எளிய நீதி அது. வலை ஒன்றின் விலை என்ன, அதனை அறுக்க எவ்வளவு மனத் துணிவு வேண்டும் என்பது பாவு அறுந்த துயரம் தெரிந்த நெசவாளருக்கு நன்கு விளங்கும்.

செய்யத்தக்கவை

நமது யோசனைகள் பெரியவை அல்ல. சங்கங்கள் தம் அளவில் தொடங்கக்கூடியவையே.

முதலாவதாக, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கடற்கரைப் புத்தகம் இருக்க வேண்டும். நாள், இடம், கண்ட உயிர், உயிரோடா இறந்தா, உடலில் கண்ட அடையாளம், கண்டவர் கையொப்பம் ஆகிய கலங்கள் போதும். ஒரே உடலை இருமுறை எண்ணாதபடி அடையாளமிட வேண்டும். அதே புத்தகத்தில் எண்ணெய், சாம்பல், நிறம் மாறிய நீர், ஒதுக்கீட்டு எல்லைக்குள் கண்ட விசைப்படகு ஆகியவற்றையும் எழுதலாம். பேரேடு எழுதப் பழகிய சங்கத்திற்கு இது பாரமன்று. மாணவத் தொண்டர்கள் எழுதும் முறையைக் கற்றுத் தரட்டும்; புத்தகம் சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். மாதந்தோறும் ஒரு நகல் மீன் துறைக்கும் ஒரு நகல் வனத் துறைக்கும் செல்லட்டும். வந்த பதிலும் அதே புத்தகத்தில் ஒட்டப்படட்டும்.

இரண்டாவதாக, காவலுக்குக் கூலி வேண்டும். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தது முதியோர்க்கு நினைவிருக்கும். சில ஊர்களில் இன்றும் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலுக்கு வயல் நீரைப் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. அறுவடையில் வயல் தோறும் அவருக்கு நெல் அளந்தனர். எல்லாருக்கும் பொதுவான நீரைக் காப்பவனை எல்லாரும் சேர்ந்தே காத்தனர். கடலும் அப்படியொரு பொது நீரே. தை முதல் பங்குனி முடியக் குப்பத்துக்கு இருவர் வீதம் இரவுக் காவல் செய்ய, மீன் துறையும் துறைமுகங்களும் கரையில் தொழில் நடத்தும் ஆலைகளும் சேர்ந்து ஒரு நிதி ஏற்படுத்துவது நியாயம். தொண்டு புனிதமானதே. ஆயினும் ஏழையின் தொண்டு அவன் அடுப்பை அணைத்துவிடக்கூடாது.

மூன்றாவதாக, வலை அறுத்து ஆமையை விடுவிக்கும் மீனவருக்கு மகாராஷ்டிரத்தைப் போல ஈட்டுத்தொகையும், ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து அறிவிப்பவர்மீது வழக்கு இல்லை என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் வேண்டும். இழுவலைச் சட்டத்தை வாங்க விசைப்படகுக்காரருக்குச் சங்கத்தின் வழியே சிறு கடன் தரலாம். தொழிலாளருக்குப் பயிற்சியும் தரலாம்.

நான்காவது நமக்கு உரியது. நெசவாளரும் உழவரும் கரைக்குச் சென்று என்ன செய்ய முடியும் என்று கேட்க வேண்டா. மீனவர் சங்கம் கேட்கும் நீதிக்கு நமது பொதுக்குழுக்கள் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றலாம். பள்ளி, கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளைப் பருவத்தில் ஓரிரவேனும் தொண்டர்களோடு நடக்க அனுப்பலாம். சமுதாயத்தின்பால் அக்கறை என்பதைச் சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் 1995-இல் நமது கொள்கைகளுள் ஏழாவதாகச் சேர்த்தது. ஆண்டு அறிக்கையில் அதனை அச்சிட்டுவிட்டால் கடமை தீர்ந்ததாகாது.

முடிவாக ஒன்று கூறுவோம். கைத்தறிக்கு ஒதுக்கிய துணியை விசைத்தறி நெய்தபோது, அதனைக் கண்டு எழுதி வைக்க அண்டை வீட்டார் எவரேனும் முன்வரமாட்டாரா என்று நாம் ஏங்கியதுண்டு. இன்று சிறு படகுக்கு ஒதுக்கிய நீரில் என்ன நடக்கிறது என்பதைக் கூலியில்லாத சில இளைஞர்கள் இரவில் விழித்து எழுதி வருகின்றனர். அவர்கள் எழுதுவது ஆமையின் பெயரால்; ஆனால் அதில் பதிவாவது வலைஞனின் இழப்பு. அவர்களுடைய புத்தகம் அடுத்த தை பிறக்குமுன் குப்பத்துச் சங்கங்களின் மேசைக்கு வந்துசேர வேண்டும். அதற்கு வேண்டிய முதற்கடிதத்தை எழுத மீனவர் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் முன்வருமாறும், அக்கடிதத்தின் கீழ்த் தம் கையொப்பத்தையும் சேர்க்க நம் சங்கங்கள் தயங்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.